வெறும் வயிறா? சாப்பிட்ட வயிறா? கர்ப்பிணிகளைக் குழப்பும் 'குளுகோஸ் தண்ணீர்' பரிசோதனை

மும்பையில் காலை 8 மணிக்கு ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில், நீண்ட பெஞ்சுகளில் கர்ப்பிணிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பலர் கையில் தண்ணீர் பாட்டில். அதில் கலக்கிய குளுகோஸ். தாராவியில் இருந்து வந்தவர்கள், ஆன்டாப்ஹில்லில் இருந்து வந்தவர்கள், டோம்பிவிலியில் இருந்து விடியற்காலை ரெயில் பிடித்து வந்தவர்கள் என்று தமிழ்ப் பெண்களும் அந்த வரிசையில் நிறையவே உண்டு.

"சாப்பிட்டு விட்டு வந்தாயா? சாப்பிடாமல் வந்தாயா?" என்று நர்சு மராத்தியிலோ இந்தியிலோ கேட்பார். இந்தச் சின்னக் கேள்விக்குத்தான் நம் பெண்கள் திணறிப் போகிறார்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார். சாப்பிட்டு விட்டே போகலாம், எனக்கு அப்படித்தான் எடுத்தார்கள் என்று நாத்தனார் சொல்லியிருப்பார். நான்கு நாளாகச் சோற்றைக் குறைத்து விட்டு வந்த பெண்ணும் அங்கே இருப்பாள். 'சர்க்கரை' என்று எழுதி விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு!

அக்கா சொன்னதும் சரி. நாத்தனார் சொன்னதும் சரி. சோற்றைக் குறைத்தது மட்டும் தவறு.

இரண்டு வகை

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் குளுகோஸ் பரிசோதனை நம் நாட்டில் ஒரே மாதிரியாக நடப்பதில்லை. முக்கியமாக இரண்டு வகை வழக்கத்தில் உள்ளது.

முதலாவது, மத்திய அரசின் சுகாதாரத் துறை 2014-ம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் சொல்லப்பட்ட முறை. 2018-ல் அந்த நெறிகள் திருத்தப்பட்டன. அப்போதும் இந்த முறை மாறவில்லை. இதற்கு வெறும் வயிறு தேவை இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டு விட்டு வந்தாலும் சரி, ஒன்றும் சாப்பிடாமல் வந்தாலும் சரி. 75 கிராம் குளுகோசை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 100 மில்லி ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது கர்ப்ப கால சர்க்கரை.

இரண்டாவது, பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றிலும் தனியார் பரிசோதனைக் கூடங்களிலும் நடப்பது. இதற்கு இரவு முழுவதும் பட்டினி இருந்து வர வேண்டும். வந்ததும் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். அப்புறம் அதே 75 கிராம் குளுகோஸ். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது முறையும், இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாவது முறையும் ஊசி போடுவார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்பன எல்லைகள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே சர்க்கரை என்று எழுதி விடுவார்கள்.

இவை தவிர 50 கிராம் குடித்து ஒரு மணி நேரத்தில் பார்ப்பதும், அதில் கூடுதலாக இருந்தால் 100 கிராம் குடித்து மூன்று மணி நேரம் உட்கார வைப்பதும் சில இடங்களில் உண்டு. 50 கிராமுக்குப் பட்டினி வேண்டாம். 100 கிராமுக்குப் பட்டினி வேண்டும்.

ஆகவே, டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த உடனே அந்த இடத்திலேயே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எத்தனை கிராம்? வெறும் வயிறா, இல்லையா? எத்தனை முறை ரத்தம்? மொழி தெரியவில்லை என்றால் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டால், அவரவருக்கு நடந்ததைத்தான் சொல்வார்கள். அதில் குற்றம் இல்லை. ஆனால் அது உங்கள் சீட்டு அல்ல!

சென்னை டாக்டர் கண்ட வழி

பட்டினி இல்லாத முறை எங்கிருந்து வந்தது என்பதை மும்பைத் தமிழர்கள் தெரிந்து கொள்வது நல்லது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் நீரிழிவு நோய்க்குத் தனித் துறை தொடங்கியவர் டாக்டர் வீ.சேஷையா. கர்ப்பிணிகளுக்கு வரும் சர்க்கரை பற்றியே வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டவர். தமிழ்நாட்டில் அவரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. அதில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 100-க்கு 17.8 பேருக்கும், சிறு நகரங்களில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் சர்க்கரை இருந்தது தெரிய வந்தது. கிராமத்திலேயே பத்தில் ஒருவர்!

அவர் பார்த்த சிக்கல் எளிமையானது. நம் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு எப்போது வருவார்கள்? வீட்டு வேலையை முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வருவார்கள். வந்தவரிடம், 'சாப்பிட்டு விட்டாயா? அப்படியானால் நாளைக்கு வெறும் வயிற்றோடு வா' என்று திருப்பி அனுப்பினால் எத்தனை பேர் மறுநாள் வருவார்கள்? ஒரு நாள் கூலியோ, கணவனின் அரை நாள் லீவோ போய் விட்டது. மறுநாளும் போகும் என்றால் யோசிக்க மாட்டார்களா? வந்த அன்றே, வந்த நிலையிலேயே பரிசோதித்து முடித்து விட வேண்டும் என்பதுதான் இந்த முறையின் நோக்கம்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007-ல் உத்தரவிட்டது. ஏழு ஆண்டு கழித்து மத்திய அரசும் அதே வழிக்கு வந்தது. சேஷையாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-ல் அவர் காலமானார். அவர் பிறந்த மார்ச் 10-ந் தேதியைக் கர்ப்ப கால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக டாக்டர்கள் கொண்டாடுகிறார்கள்.

இந்த முறையில் குறை சொல்லும் டாக்டர்களும் உண்டு. பட்டினி இருந்து மூன்று முறை ரத்தம் எடுப்பதோடு ஒப்பிட்டால், இது சிலரைத் தவற விட்டு விடுகிறது என்பது அவர்கள் வாதம். அதனால்தான் பெரிய ஆஸ்பத்திரிகள் இரண்டாவது முறையை விடாமல் வைத்திருக்கின்றன. நுட்பமான பரிசோதனைக்கு வராமலே போவதை விட, எளிய பரிசோதனைக்கு வருவது மேல் என்பது மறு தரப்பின் பதில். இந்த விவாதம் டாக்டர்களுக்குள் தீரட்டும். எந்த முறைக்குச் சீட்டு எழுதுகிறார்களோ அதை ஒழுங்காகச் செய்து கொள்வதுதான் பெண்களின் வேலை.

சோற்றை நிறுத்தலாமா?

கூடாது! இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

பரிசோதனைக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் குறைத்து, சர்க்கரை இல்லாமல் டீ குடித்து, 'பாஸ்' ஆகி விடலாம் என்று நினைக்கிறார்கள். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. மாவுப் பொருள் சில நாள் வராமல் போனால், உடம்பு கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பழகி விடுகிறது. அந்த நேரத்தில் திடீரென்று 75 கிராம் குளுகோசை ஊற்றினால் அதைச் சமாளிக்க உடம்பு தயாராக இருக்காது. சர்க்கரை உள்ளதை விடக் கூடுதலாகவே காட்டும். குறைய வேண்டும் என்று பட்டினி கிடந்த பெண்ணுக்கு, இல்லாத சர்க்கரை சீட்டில் ஏறி விடலாம். டாக்டர்களுக்கு இது 1940-லேயே தெரிந்த சங்கதி.

ஆகவே மூன்று நாள் முன்பிருந்து வழக்கமான சாப்பாடு. அதுதான் தயாரிப்பு. நாள் ஒன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. கிராம் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காலையில் நாலு இட்லி, மதியம் சோறு, குழம்பு, இரவில் சப்பாத்தி என்று மூன்று வேளையும் சாப்பிடும் பெண்ணுக்கு அது தானாகவே வந்து சேரும். பரிசோதனைக்காக என்று இனிப்பைக் கூடுதலாகத் தின்பதும் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துத் தந்திரமும் உண்டு. குளுகோஸ் தண்ணீரில் கொஞ்சம் குடித்து விட்டு மீதியைக் குழாயடியில் ஊற்றி விடுவது! குமட்டல் தாங்காமல் செய்பவர்களும் உண்டு. பயத்தில் செய்பவர்களும் உண்டு. எப்படி என்றாலும் பரிசோதனை பாழ். சீட்டில் 'நார்மல்' என்று வரும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சீட்டைப் படிக்கத் தெரியாது.

முதல் நாள் இரவு

பட்டினிப் பரிசோதனை என்றால் இரவு 9 மணிக்குள் சாப்பாட்டை முடித்து விட வேண்டும். குறைந்தது 8 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். ரொம்ப நேரமும் ஆகக் கூடாது. 14 மணி நேரத்துக்கு மேல் போனால் அதுவும் சரியில்லை. மாலை 6 மணிக்கே படுத்து விட்டு மறுநாள் 10 மணிக்குப் போய் நிற்பது தவறு. தண்ணீர் குடிக்கலாம். வெறும் தண்ணீர்தான். பால், டீ, காபி, இளநீர், மோர் எதுவும் கூடாது. 'ஒரு வாய் டீ தானே' என்று குடித்து விட்டால் அன்றைய ரத்தம் வீண்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. அன்று காலை எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ளிப் போடலாம் என்று டாக்டரிடமே கேட்டுக் கொள்ள வேண்டும். சில மருந்துகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். குழந்தையின் நுரையீரல் வளர்ச்சிக்காகப் போடும் ஸ்டீராய்டு ஊசி அவற்றில் ஒன்று. அதைப் போட்டுக் கொண்டு சில நாள் கூட ஆகவில்லை என்றால் சொல்லி விட வேண்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் சொல்ல வேண்டும். தேதியை மாற்றித் தருவார்கள். கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை வியாதி உள்ள பெண்ணுக்கு இந்தத் தண்ணீரே தேவை இல்லை. அதை மறைத்து வரிசையில் நிற்பது ஆபத்து.

வெறும் வயிற்றோடு மும்பை ரெயிலில் போவது லேசான காரியம் அல்ல. ஆறு மாத வயிற்றோடு, காலை 7 மணிக் கூட்டத்தில், கம்பியைப் பிடித்துக் கொண்டு நின்றால் யாருக்கும் தலை சுற்றும். புறநகர் ரெயில்களில் மாற்றுத் திறனாளிகளுக்காக ஒதுக்கிய பெட்டியில் கர்ப்பிணிகளும் ஏறலாம். இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக் கொண்டால் போதும், சண்டை வராது. துணைக்கு ஒருவர் வருவது நல்லது. பையில் டிபன் டப்பாவும் வேண்டும். கடைசி ரத்தம் எடுத்த கையோடு சாப்பிட இரண்டு சப்பாத்தியோ, இட்லியோ இருந்தால் வெளியே போய் வடாபாவ் கடையில் நிற்க வேண்டாம்.

அந்த இரண்டு மணி நேரம்

75 கிராம் குளுகோஸ் என்பது கொஞ்சம் அல்ல. பதினைந்து டீஸ்பூனுக்குக் குறையாது. அதை ஒரே மடக்கில் குடித்தால் குமட்டிக் கொண்டு வரும். ஐந்து முதல் பத்து நிமிடம் வரை எடுத்துக் கொண்டு, மெதுவாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. எலுமிச்சம்பழம் பிழியலாமா என்பதை நர்சிடம் கேட்டுக் கொள்ளலாம். சில இடங்களில் நாலு சொட்டு விட அனுமதிப்பார்கள்.

குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்து விட்டால் பரிசோதனை செல்லாது. வேறொரு நாள் மறுபடி வர வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி வந்தால் பரிசோதனையைத் தொடரலாம் என்பது அரசின் வழிகாட்டுதல். எப்போது வாந்தி வந்தது என்பதை நர்சிடம் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் கணக்கு தப்பாகி விடும்.

இரண்டு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருப்பது முக்கியம். வீடு பக்கத்தில்தானே என்று போய், நாலு மாடி ஏறி, துணி துவைத்து விட்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். உடம்பு வேலை செய்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். அளவு குறைந்து காட்டும். நடுவில் ஒரு பிஸ்கட் தின்றால் கூடிக் காட்டும். பட்டினி தேவை இல்லாத முறைக்கும் இது பொருந்தும்: குடிப்பதற்கு முன்புதான் சாப்பிடலாம், குடித்த பின் ரத்தம் எடுக்கும் வரை ஒன்றும் கூடாது. வெறும் தண்ணீர் ஒரு மிடறு குடிக்கலாம்.

நேரம் எண்ணத் தொடங்குவது எப்போது என்பதிலும் குழப்பம் உண்டு. குளுகோசைக் குடிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்துதான் கணக்கு என்பது பொதுவான வழக்கம். அந்த நேரத்தைச் சீட்டின் ஓரத்தில் குறித்து வைத்தால் நல்லது. கூட்டம் அதிகமான நாளில் கூப்பிட மறந்து விடுவார்கள். 'என் நேரம் ஆகி விட்டது' என்று எழுந்து போய்ச் சொல்லத் தயங்கக் கூடாது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

சிறுநீரில் சர்க்கரை பார்த்தாயிற்று, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கர்ப்ப காலத்தில், ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தாலும் சிறுநீரில் கொஞ்சம் கசிவது சாதாரணம். அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது.

குழந்தைக்கு என்ன?

'எங்கள் வம்சத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. இவள் மசக்கையில் ஜிலேபி தின்றதால் வந்தது' என்று மாமியார் வீட்டில் பேச்சு வரும். இந்தப் பேச்சுக்குப் பயந்தே பரிசோதனைக்குப் போகாத பெண்கள் இருக்கிறார்கள். உண்மை வேறு. கர்ப்பம் வளர வளர, நச்சுக்கொடியில் இருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. குழந்தைக்குச் சாப்பாடு போக வேண்டும் என்று இயற்கை செய்த ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடு கட்டி விடுகிறது. சிலருக்கு முடிவதில்லை. 24-வது வாரத்துக்குப் பிறகுதான் இந்தத் தடை வேகம் பிடிக்கிறது. பரிசோதனையை 24-க்கும் 28-க்கும் இடையில் வைத்திருப்பது அதனால்தான்.

தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தன் சொந்தக் கணையத்தில் இருந்து இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் கொழுக்கிறது. பிள்ளை 'கொழுக் மொழுக்' என்று இருந்தால் நம் வீடுகளில் சந்தோஷம்தான். ஆனால் அளவுக்கு மீறி வளர்ந்த குழந்தையின் தோள் பிரசவத்தில் மாட்டிக் கொள்ளலாம். ஆபரேஷன் தேவைப்படலாம். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்று போகிறது. குழந்தையின் உடம்பிலோ இன்சுலின் நிறைய இருக்கிறது. அதனால் பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் ரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வரைக்கும் போகலாம். பிரசவம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைத்து, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக் கொள்வார்கள். தெரியாவிட்டால்?

ஊருக்குப் போகும் மாதம்

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு விதிப்படி பரிசோதனை ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கர்ப்பம் தெரிந்து முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒன்று. அது சரியாக இருந்தால் 24-க்கும் 28-க்கும் இடைப்பட்ட வாரத்தில் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

24-வது வாரம் முதல் 28-வது வாரம் என்றால் ஆறாம் மாதக் கடைசியும் ஏழாம் மாதமும். அதாவது, தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு நடத்தி ஊருக்கு அழைத்துப் போகும் அதே சமயம்! முதல் பரிசோதனை மும்பையில் நடந்திருக்கும். 'நார்மல்' என்று சீட்டும் இருக்கும். இரண்டாவது நாளில் அந்தப் பெண் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இருப்பாள். ஊரில் உள்ள டாக்டர் கேட்டால், 'மும்பையில் எடுத்தாயிற்று, சர்க்கரை இல்லை' என்று அம்மா பதில் சொல்வார். இவர்கள் ஊரில் பார்ப்பார்கள் என்று மும்பையிலும், மும்பையில் பார்த்திருப்பார்கள் என்று ஊரிலும் விட்டு விட, முக்கியமான பரிசோதனை நடுவழியில் காணாமல் போகிறது. வளைகாப்பில் ஐந்து வகைச் சாதமும், சர்க்கரைப் பொங்கலும், தட்டுத் தட்டாக இனிப்பும் சாப்பிடும் மாதமும் அதுதான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வாரக் கணக்கைப் பார்த்து விட வேண்டும். 24 வாரம் முடிந்த பிறகு பயணம் என்றால், மும்பையிலேயே இரண்டாவது பரிசோதனையை முடித்து விடலாம். அதற்கு முன்பே போவதானால், ஊரில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தத் தேதியில் என்று குறித்துக் கொண்டு போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து கொண்டால் பரிசோதனை இலவசம். அங்கே பிரசவம் ஆனால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண்ணையும் கேட்பார்கள். 28 வாரம் தாண்டி விட்டால் பரிசோதனை வேண்டாம் என்று அர்த்தம் அல்ல. அப்போதும் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

கொண்டு போகும் சீட்டிலும் கவனம் தேவை. '132' என்று ஓர் எண் மட்டும் எழுதியிருந்தால் ஊர் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. வெறும் வயிற்றிலா? எத்தனை கிராம் குடித்து? எத்தனை மணி நேரம் கழித்து? கர்ப்பத்தின் எத்தனையாவது வாரம்? இந்த நாலும் தேதியோடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இங்கே கொடுக்கும் தாய் சேய் அட்டை மராத்தியில் அச்சிட்டது. திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ அதைப் படிக்க ஆள் தேட வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வாங்க இரண்டு நிமிடம் போதும். அந்த அட்டையை டிரங்குப் பெட்டிக்குள் வைக்காமல், கைப்பையில் வைத்துக் கொள்வது நல்லது. (கர்ப்பிணிகளுக்கு நெடுந்தூர ரெயில்களில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. முன்பதிவின்போது டாக்டர் சான்றிதழைக் காட்டிக் கேட்க வேண்டும்.)

மும்பையில் கையில் காசு இல்லை என்று பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில் மாதந்தோறும் 9-ந் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் இலவசமாகப் பரிசோதனை செய்கிறார்கள். ரெயில்வே ஊழியர் குடும்பத்துக்கு ரெயில்வே ஆஸ்பத்திரியும், இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளர் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் இருக்கின்றன.

140-ஐத் தாண்டினால்

சீட்டில் 140-க்கு மேல் வந்து விட்டால் வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் மருந்து கிடையாது. சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்வார்கள். சாப்பாட்டை மாற்றுவது என்றால் பட்டினி அல்ல. மூன்று வேளைச் சாப்பாடும் நடுவில் இரண்டு மூன்று முறை சிற்றுண்டியுமாகப் பிரித்துச் சாப்பிடுவது. ஒரே வேளையில் மலை போல் சோறு கூடாது. சோற்றைக் குறைத்த இடத்தில் பருப்பு, கீரை, காய்கறி, முட்டை, மீன். முதலில் போக வேண்டியவை டீயில் போடும் சர்க்கரை, பழச்சாறு, குளிர்பானம். 'இரண்டு உயிருக்குச் சாப்பிடு' என்று தட்டில் இரண்டு மடங்கு போடும் அன்பையும் கொஞ்சம் நிறுத்தி வைக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் ரத்தம் பார்ப்பார்கள். 120-க்குக் கீழ் இருந்தால் அதே வழியில் தொடரலாம். பெரும்பாலோருக்கு இதுவே போதும். 120-ஓ அதற்கு மேலோ இருந்தால்தான் மாத்திரை அல்லது இன்சுலின். இன்சுலின் ஊசி குழந்தையைப் பாதிக்கும் என்பது வீண் பயம். முன்னே சொன்னபடி அது நச்சுக்கொடியைத் தாண்டுவதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு

பிள்ளை பிறந்ததும் நச்சுக்கொடி போய் விடுகிறது. பெரும்பாலும் சர்க்கரையும் இறங்கி விடுகிறது. அத்தோடு எல்லோரும் அதை மறந்து விடுகிறார்கள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு, வராத பெண்ணை விட ஏழு மடங்கு என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. அதனால் பிரசவமாகி ஆறு வாரத்தில் இன்னொரு முறை 75 கிராம் குளுகோஸ் குடித்துப் பார்க்க வேண்டும்.

அப்போது அவள் தாய் வீட்டில் இருப்பாள். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆறாவது வாரத்தில் எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதே நாளில் இதையும் முடித்துக் கொள்ளலாம். இந்த முறை கண்டிப்பாக வெறும் வயிறு. வெறும் வயிற்றில் 126-ஓ, குடித்து இரண்டு மணியில் 200-ஓ தொட்டால் அது சர்க்கரை வியாதி. இரண்டு மணியில் 140-க்குக் கீழே இருந்தால் நல்லது. இடையில் இருந்தால் எச்சரிக்கை. நல்லது என்று வந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக் கொள்ளச் சொல்கிறார்கள். குழந்தையோடு மும்பைக்குத் திரும்பும்போது அந்தச் சீட்டையும் கொண்டு வந்து இங்குள்ள டாக்டரிடம் காட்ட வேண்டும். அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பம் தரித்தால், முதல் நாளே அவர் கேட்கப் போவது அந்தச் சீட்டைத்தான்.